தலை, கழுத்து ஸ்கேனுக்கு எந்த சி.டி. இயந்திரம்? போட்டான் கவுண்டிங் வரை போக வேண்டுமா?

கேள்வி — சி.டி. டெக்னீஷியன், தென்மாவட்டத் தனியார் மருத்துவமனை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மருத்துவமனையில் இப்போது இருக்கும் 16 ஸ்லைஸ் சி.டி. இயந்திரத்தை மாற்றிப் புதியதொன்று வாங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. எந்தெந்த இயந்திரங்களைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு குறிப்பு தயாரித்துத் தரும் பொறுப்பை எங்கள் துறைத் தலைவர் என்னிடம் ஒப்படைத்துள்ளார். எங்களிடம் ஸ்கேனுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தலை, கழுத்துப் பகுதி நோயாளிகள்தாம். புகையிலையாலும் குட்காவாலும் வந்த கன்னக் கதுப்பு, ஈறுப் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், நாள்பட்ட காதுச் சீழ், சாலை விபத்துத் தலைக்காயம், பக்கவாதம் ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. இதய ஸ்கேன் எங்களிடம் மிகவும் குறைவு.

நிறுவனங்களின் பிரதிநிதிகள் கொடுத்துச் செல்லும் கையேடுகளில் 64, 128, 256 என்று ஸ்லைஸ் எண்ணிக்கையே முதலில் நிற்கிறது. ஒருவர் டியூயல் எனர்ஜி (இரு வேறு ஆற்றல் அளவுகளில் எக்ஸ் கதிர் தரவெடுத்துப் பொருள்களைப் பிரித்தறியும் முறை) இல்லாமல் இனிக் காலம் தள்ள முடியாது என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் போட்டான் கவுண்டிங் மாற்றிவிட்டது என்கிறார். காதுக்கும் பல்லுக்கும் கோன் பீம் சி.டி. (கூம்பு வடிவக் கதிரால் படமெடுக்கும் கருவி) ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தலை, கழுத்துப் பகுதிக்கு இவற்றால் உண்மையில் கிடைக்கும் பயன் என்ன? நோயாளியின் கண்ணில் விழும் கதிர்வீச்சு குறையுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால், எங்கள் பகுதி நோயாளிகளுக்கு அது நேரடியாக உதவும்.

மறுமொழி — மருத்துவ இயற்பியலாளர்

ஸ்லைஸ் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன், குழப்பம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றிச் சுழலும் வளையப் பகுதி) ஒரு முறை சுற்றும்போது உடலின் எவ்வளவு நீளத்தைப் படமெடுக்கிறது என்பதைத்தான் அந்த எண் பெரும்பாலும் குறிக்கிறது. எவ்வளவு நுணுக்கமாக எடுக்கிறது என்பதை அது சொல்வதில்லை. துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்துக்கு நீளமும் வேகமும் இன்றியமையாதவை. தலையோ அசையாமல் வைத்திருக்கக்கூடிய உறுப்பு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்தபோது, அது தலைக்கு மட்டுமே உரிய கருவியாக இருந்தது. ஒரு வெட்டுத்தோற்றத்துக்குச் சில நிமிடங்கள் பிடித்த அந்தப் படத்தில் 80க்கு 80 கட்டங்களே இருந்தன. இருந்தும் மூளைக் கட்டி தெரிந்தது. ஆகவே தலைக்கும் கழுத்துக்கும் இயந்திரம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, உடலைக் கடந்து வரும் கதிரைப் பதிவுசெய்யும் டிடெக்டரைப் பற்றி.

இன்று பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கும் டிடெக்டர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. உடலைக் கடந்து வரும் எக்ஸ் கதிர், காடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு போன்ற ஒளிரும் பொருளின் மீது பட்டு வெளிச்சமாக மாறுகிறது. அந்த வெளிச்சத்தை ஒளி டயோடு மின்னோட்டமாக மாற்றுகிறது. ஒரு கட்டத்தின் வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குக் கசியாமல் இருக்க இடையிடையே மெல்லிய தடுப்புச் சுவர்கள் வேண்டும். கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் சுவர்களே இடத்தை விழுங்கிவிடும். இதனால்தான் இவற்றில் மிக மெல்லிய ஸ்லைஸ் பொதுவாக 0.5 முதல் 0.625 மி.மீ. அளவில் நின்றுவிட்டது. 0.25 மி.மீ. வரை சென்ற கேனான் நிறுவனத்தின் அக்விலியன் பிரிசிஷன் போன்ற சில இயந்திரங்கள் இதற்கு விதிவிலக்கு.

போட்டான் கவுண்டிங் டிடெக்டரில் வெளிச்சம் என்ற இடைக்கட்டமே கிடையாது. காட்மியம் டெலுரைடு போன்ற குறைக்கடத்திப் படிகத்தில் விழும் ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் நேரடியாக ஒரு மின்துடிப்பை உண்டாக்குகிறது. துடிப்பின் உயரம் அந்தத் துகளின் ஆற்றலைக் காட்டுகிறது. பழைய டிடெக்டர், கோவில் உண்டியலில் விழுந்த நாணயங்களை மொத்தமாகத் தராசில் வைத்து எடை பார்ப்பதைப் போன்றது. புதியது, ஒவ்வொரு நாணயத்தையும் எடுத்து, எத்தனை ரூபாய் நாணயம் என்று பார்த்து எண்ணி வைப்பதைப் போன்றது. எடை போடும் முறையில் ஆற்றல் மிகுந்த துகள்களின் குரலே ஓங்கி ஒலிக்கும். திசுக்களைப் பளிச்சென்று காட்ட இரத்தத்தில் செலுத்தும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்துக்கும் மென்திசுவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுமந்து வருபவையோ ஆற்றல் குறைந்த துகள்கள். எண்ணும் முறையில் அவற்றுக்கும் உரிய மதிப்பு கிடைக்கிறது. மின்சுற்றில் தானாக எழும் சிறு இரைச்சலை, ஒரு குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழ் இருக்கும் துடிப்புகளை எண்ணாமல் விடுவதன் மூலம் விலக்கிவிடலாம். தடுப்புச் சுவர்கள் தேவையில்லாததால் கட்டங்களையும் சிறிதாக்கலாம்.

இந்த வகையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதலில் அனுமதி தந்தது சீமென்ஸ் நிறுவனத்தின் நேயோடாம் ஆல்ஃபாவுக்கு, 2021 செப்டம்பரில். அதில் 0.2 மி.மீ. ஸ்லைஸ் கிடைக்கிறது. இதற்கு முன் காது எலும்புகளை மிக நுணுக்கமாக எடுக்க, சில இயந்திரங்களில் டிடெக்டருக்கு முன் சீப்பு வடிவத் தடுப்பு ஒன்றை நுழைப்பார்கள். அந்தத் தடுப்பு, நோயாளியின் உடலைக் கடந்து வந்துவிட்ட கதிரில் ஒரு பகுதியைப் பயனின்றி உறிஞ்சிவிடும். நோயாளி வாங்கிய கதிர்வீச்சில் ஒரு பங்கு படமாகாமலே போகும். போட்டான் கவுண்டிங்கில் அந்த விரயம் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு துகளின் மின்னூட்டம் பக்கத்துக் கட்டத்துக்கும் பங்காகிப் போவது, துகள்கள் மிக நெருக்கமாக வந்தால் இரண்டு துடிப்புகள் ஒன்றாக எண்ணப்படுவது ஆகிய இரண்டையும் மென்பொருளும் வடிவமைப்பும் சேர்ந்து சமாளிக்கின்றன. விலையும் மிக அதிகம்.

மறுமொழி — ரேடியாலஜிஸ்ட், தலை-கழுத்துப் பிரிவு

மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். அறிக்கை எழுதுகிறவள் என்ற முறையில், எந்த நோயில் எது உதவும் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

டியூயல் எனர்ஜி தன் மதிப்பை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் குரல்வளை. குரல்வளையின் முன்புறத்திலுள்ள தைராய்டு குருத்தெலும்பு முழுவதும் எலும்பாக மாறியிருப்பதில்லை. ஒரே மனிதரிடம்கூட ஒரு பக்கம் எலும்பாகவும் மறுபக்கம் குருத்தெலும்பாகவும் இருக்கும். எலும்பாகாத குருத்தெலும்பும் கட்டியும் சாதாரண சி.டி. படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிவதால், கட்டி குருத்தெலும்புக்குள் புகுந்துவிட்டதா, அல்லது அதை ஒட்டி மட்டும் நிற்கிறதா என்று சொல்வது கடினம். அயோடின் பரவலைத் தனியாகப் பிரித்துக் காட்டும் படத்தில் கட்டி கான்ட்ராஸ்ட் மருந்தை வாங்கி ஒளிர்கிறது, குருத்தெலும்பு வாங்குவதில்லை. குருத்தெலும்பின் உள்புறம் மட்டும் அரிக்கப்பட்டிருந்தால், கட்டியின் பரவலைக் குறிக்கும் நிலைகளில் டி3 நிலை. வெளிப்புறத்தையும் துளைத்துக்கொண்டு போயிருந்தால் டி4ஏ. முதல் நிலையில் குரலைக் காப்பாற்றும் கதிர், மருந்து சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறது. இரண்டாவதில் குரல்வளையை முழுவதும் அகற்றுவது பற்றிப் பேச வேண்டி வரும். ஒரு மனிதர் இனித் தன் குரலில் பேசுவாரா என்பது அந்த ஓரிரு மில்லிமீட்டரில் நிற்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் பல். உலோக அடைப்பும் பல் கவசமும் உள்ளவர்களுக்கு நாக்கும் வாயின் தரைப்பகுதியும் கோடுகோடாக மறைந்துபோகும். டியூயல் எனர்ஜியிலும் போட்டான் கவுண்டிங்கிலும் 130 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஒற்றை ஆற்றல் படத்தைக் கணக்கிட்டு எடுத்தால் கோடுகள் மங்கும்; ஆனால் அயோடினின் வெளிச்சமும் உடன் மங்கும். கட்டியின் எல்லையைப் பார்க்க 40 முதல் 55 வரையிலான படம் வேண்டும். அயோடினின் உறிஞ்சல் எகிறும் புள்ளி 33.2 என்பதால், அதை நெருங்க நெருங்கக் கட்டி பளிச்சென்று தெரியும். எனவே ஒரே ஸ்கேனிலிருந்து இரண்டு விதமான படங்களையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனமான உலோகக் கவசம் கதிரை முழுவதும் தடுத்துவிட்ட இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அங்கே தலையின் சாய்வை மாற்றி, பல் வரிசையை விலக்கி இன்னொரு முறை சிறு பகுதியை மட்டும் எடுப்பதுதான் வழி.

கான்ட்ராஸ்ட் மருந்தின் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 ஸ்லைஸிலிருந்து வேகமான இயந்திரத்துக்கு மாறும் மருத்துவமனைகளில் முதலில் தடுமாறுவது இதில்தான். பழைய இயந்திரம் கழுத்தை மெதுவாகக் கடந்ததால், மருந்து கட்டிக்குள் ஊறுவதற்கான நேரம் தானாகவே கிடைத்தது. புதியது சில விநாடிகளில் கழுத்தை முடித்துவிடும். பழைய தொடக்க நேரத்தையே வைத்துக்கொண்டால் இரத்தக் குழாய்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சளிச்சவ்வில் உள்ள கட்டி சுற்றுத் திசுவிலிருந்து பிரியாது. எனவே புற்றுநோய்க்கான கழுத்து ஸ்கேனில் மருந்து செலுத்தத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 70 முதல் 90 விநாடிகள் பொறுத்திருந்து எடுக்க வேண்டும். குழாய்களும் கட்டியும் ஒரே படத்தில் வேண்டுமானால் மருந்தை இரண்டு தவணையாகப் பிரித்துச் செலுத்துங்கள்.

நாக்கின் தசைக்குள் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பு வழியாக மண்டையோட்டின் அடிப்பகுதி நோக்கிப் பரவுகிறதா என்ற கேள்விகளுக்கு எம்.ஆர்.ஐ.தான் விடை சொல்லும். எவ்வளவு உயர்ந்த சி.டி.யை வாங்கினாலும் அந்த இடத்தை அது நிரப்பாது.

மறுமொழி — காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்

காதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நடுச்செவியிலுள்ள அங்கவடி எலும்பு மொத்தமே 3 மி.மீ. சொச்சம் உயரம் உள்ளது. அதன் இரு கால்களும் மயிரிழை போன்றவை. அதன் அடித்தட்டுக்கு முன்னால் உள்ள சிறு பகுதியில்தான் ஓட்டோஸ்க்ளீரோசிஸ் (காது எலும்பில் இயல்புக்கு மாறான வளர்ச்சி ஏற்பட்டுக் கேட்கும் திறன் குறையும் நோய்) பெரும்பாலும் தொடங்குகிறது. 0.6 மி.மீ. படத்தில் அந்த இடத்தை ஊகித்துத்தான் சொல்ல முடிகிறது, 0.2 மி.மீ. படத்தில் இரு கால்களையும் தனித்தனியே பார்க்க முடிகிறது. போட்டான் கவுண்டிங்கைப் பற்றி நான் மனமுவந்து பாராட்டும் இடம் இது.

உட்செவியில் சமநிலையை உணரும் மேல் அரைவட்டக் குழாயின் கூரை எலும்பு திறந்துகொள்வதால் வரும் தலைச்சுற்றலை அமெரிக்காவின் லாயிட் மைனர் 1998இல் விவரித்தார். தடித்த ஸ்லைஸில் மெல்லிய கூரை எலும்பு கரைந்துபோய், திறப்பே இல்லாதவருக்கும் திறப்பு இருப்பதாகத் தெரியும். அந்தப் படத்தை நம்பி மண்டையைத் திறப்பது எவ்வளவு பெரிய தீங்கு என்று எண்ணிப் பாருங்கள். எனவே எந்த இயந்திரமானாலும் அந்தக் குழாயின் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் படங்களை மறுபடி வெட்டி அனுப்புங்கள். எங்களுக்கு அது பேருதவி.

காதுச் சீழ் நோயாளிகளுக்கு நிலைமை வேறு. எலும்பு எங்கே அரித்திருக்கிறது, முகநரம்பின் குழாய் திறந்திருக்கிறதா, மூளைக்கும் காதுக்கும் இடையிலுள்ள கூரை முழுதாக இருக்கிறதா என்பதை அறிய இன்றைய நல்ல 64 ஸ்லைஸ் இயந்திரமே போதும். அறுவைக்குப் பின் கொலஸ்டியடோமா (எலும்பை அரிக்கும் தோல் திரட்சி) மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு, திசுவில் நீர் நகர்வதை அளக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மருத்துவர்கள் இருவருக்கும் இயற்பியலாளர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. கோன் பீம் பற்றியும் கண்ணில் விழும் கதிர்வீச்சு பற்றியும் யாராவது விளக்க வேண்டுகிறேன். எங்களிடம் வரும் வாய்ப் புற்றுநோயாளிகளில் பலரால் வாயைச் சரியாகத் திறக்கவே முடிவதில்லை. அவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதில் ஏதேனும் முறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மறுமொழி — மூத்த சி.டி. டெக்னாலஜிஸ்ட், புற்றுநோய் மருத்துவமனை

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் வாய்ப் புற்றுநோய், புகையிலையை அடக்கி வைக்கும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் அதிகம் வருகிறது. வாயை மூடிய நிலையில் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கட்டி கன்னத்தில் பிறந்ததா, ஈறில் பிறந்ததா என்று எவ்வளவு விலை உயர்ந்த டிடெக்டராலும் பிரித்துக் காட்ட முடியாது. அதற்கு நோயாளியைக் கன்னத்தை உப்பச் சொல்லி எடுக்க வேண்டும். உதட்டை இறுக மூடி, பலூன் ஊதுவதுபோல் கன்னத்தை உப்பி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டாமல் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன்பே, மேசையில் படுத்த நிலையில், இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். மருந்து உள்ளே போனதும் உடம்பில் பரவும் சூட்டில் பலர் காற்றை விட்டுவிடுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் தாங்கிக்கொள்வார்கள்.

சவ்வு இறுகி வாய் திறக்க முடியாதவர்களும் கன்னம் விறைத்தவர்களும் இப்படி உப்ப முடியாது. அவர்களுக்குச் சுத்தமான காஸ் துணியைச் சுருட்டிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக வைத்து எடுக்கலாம். மருத்துவரின் ஒப்புதலோடு, வலிக்காத அளவுக்கு மட்டும் வையுங்கள். கழற்றக்கூடிய பல் செட், காதணி, மூக்குத்தி எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றவே முடியாத மூக்குத்தி அணிந்த வயதான அம்மாக்கள் வருவார்கள். அவர்களை வற்புறுத்தாமல், மூக்குத்தி இருப்பதைப் படிவத்தில் எழுதி ரேடியாலஜிஸ்டிடம் தெரிவித்துவிடுவது நல்லது.

இனிக் கண். மூளை ஸ்கேனில் கண் வில்லையைக் கதிர்ப்பாதையிலிருந்து விலக்குவதே மிகச் சிறந்த காப்பு. கேன்ட்ரியைச் சாய்க்க முடிந்தால் சாய்க்கலாம். இரட்டை எக்ஸ் கதிர்க் குழாய் கொண்ட இயந்திரங்களில் கேன்ட்ரி சாயாது. அங்கே நோயாளியின் முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி வைக்க வேண்டும். இதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். தலை சரியாகக் கேன்ட்ரியின் மையத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். மையம் விலகினால், கதிரின் அளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு தவறாகக் கணக்கிட்டுவிடும்.

மறுமொழி — மருத்துவ இயற்பியலாளர்

மூத்தவர் சொன்னதோடு சில எண்களைச் சேர்க்கிறேன். கண் வில்லையில் புரை வருவதற்கான வரம்பை அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் 0.5 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) எனக் குறைத்தது. கண் நேரடியாகக் கதிர்ப்பாதையில் இருக்கும்படி எடுக்கும் ஒரு தலை ஸ்கேனில் வில்லை சில பத்து மில்லிகிரே வாங்குகிறது. ஒரு முறை எடுப்பவருக்கு இது பெரிய கவலை அல்ல; திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கில் கொள்ள வேண்டியது. கண்ணின் மேல் பிஸ்மத் தகடு வைப்பதை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் ஊக்குவிக்கவில்லை. அது படத்தைக் கெடுக்கிறது. மறுபக்கத்திலிருந்து உடலைக் கடந்து வந்த பயனுள்ள கதிரையும் தடுத்துவிடுகிறது. எக்ஸ் கதிர்க் குழாய் முகத்துக்கு முன்னால் வரும் கணத்தில் மட்டும் கதிரைக் குறைக்கும் வசதி பல இயந்திரங்களில் இருக்கிறது; அதைக் கேட்டு வாங்குங்கள்.

கோன் பீம் சி.டி., பல், தாடை, காது எலும்புகளுக்குக் குறைந்த கதிர்வீச்சில் நுணுக்கமான படம் தரும். ஆனால் மென்திசுக்களை அது பிரித்துக் காட்டாது. அதில் வரும் எண்களை, திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவாக நம்பவும் முடியாது. பெரும்பாலான கருவிகளில் நோயாளி உட்கார்ந்தபடி பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது கடினம். புற்றுநோயாளியின் கழுத்தை அதில் எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

மறுமொழி — ரேடியாலஜிஸ்ட், தலை-கழுத்துப் பிரிவு

உங்கள் குறிப்பில் என்ன எழுதலாம் என்பதில் என் கருத்து இது. நீங்கள் விவரித்த நோயாளிகளைப் பார்த்தால், நம்பகமான டியூயல் எனர்ஜி வசதி கொண்ட 64 அல்லது 128 ஸ்லைஸ் இயந்திரமே உங்களுக்கு ஏற்றது. 256, 320 என்று போவதற்குப் பக்கவாதம் ஒன்றுதான் நியாயமான காரணம். 16 செ.மீ. அகல டிடெக்டர் இருந்தால் மேசையை நகர்த்தாமலே மூளை முழுவதன் இரத்த ஓட்டத்தையும் ஒரே சமயத்தில் அளக்கலாம். பெரிய இரத்தக் குழாய் அடைபட்டவர்களில், தக்க படச்சான்று இருந்தால், ஆய்வைப் பொறுத்து 16 அல்லது 24 மணி நேரம் வரைகூட அடைப்பை எடுக்கலாம் என்று 2018இல் வெளிவந்த டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகள் காட்டிய பிறகு, அந்த அளவீட்டின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் அடைப்பை எடுக்கும் மருத்துவரும் அதற்கான கேத் லேபும் (இரத்தக் குழாய் வழிச் சிகிச்சைக் கூடமும்) உங்கள் மருத்துவமனையிலோ, விரைவாக அனுப்பக்கூடிய தொலைவிலோ இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால், மார்பின் பெருநாடி வளைவு முதல் உச்சந்தலை வரை விரைவாக ஆஞ்சியோகிராம் எடுத்து, அடைப்பைக் கண்டறிந்து உடனே அனுப்பிவைப்பதே உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி. அதற்கு 64 ஸ்லைஸ் போதும்.

போட்டான் கவுண்டிங்கைக் காக்லியர் இம்ப்ளாண்ட் (உட்செவியில் பொருத்தும் கேட்புக் கருவி), காது நுண் அறுவை ஆகியவை நிறைய நடக்கும் பெரிய மையங்களுக்கு விட்டுவிடலாம். அங்கவடி எலும்பு பற்றிய கேள்வி வரும் சில நோயாளிகளை அங்கே அனுப்பினால் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல இரட்டைத் தலை இன்ஜெக்டர் (கான்ட்ராஸ்ட் மருந்தையும் உப்புநீரையும் செலுத்தும் கருவி), டீப் லேர்னிங் முறையில் படத்தை மீட்டுருவாக்கும் மென்பொருள், மெல்லிய ஸ்லைஸ்களைச் சேமித்து வைக்கப் போதுமான பேக்ஸ் (படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) இடம் ஆகியவற்றைக் கேளுங்கள். மெல்லிய படங்களைச் சேமிக்க இடமில்லாமல் 3 மி.மீ. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்; அறுவை மருத்துவர் பின்னால் வேறு கோணத்தில் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

விலை பேசுவதற்கு முன், உங்கள் ரேடியாலஜிஸ்டையும் அழைத்துக்கொண்டு, அதே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போய், பல் அடைப்புள்ள ஒரு நோயாளியின் கழுத்துப் படத்தையும் ஒரு குரல்வளைப் படத்தையும், பெயர் மறைத்த நிலையில், அவர்களுடைய பணிமேசையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அறை வரைபட ஒப்புதலுக்கும் இயக்க உரிமத்துக்கும் இப்போதே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடுங்கள். புதிய குழாயின் திறனுக்கு உங்கள் பழைய அறையின் சுவர்த் தடிமன் போதுமா என்பதை ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.